கேட்டால் விரலைத் தூக்கு

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்கள். பார்வதம் பொருந்தத்தான் சொன்னாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக ஒரு வருஷம் சொன்னாள். அதுவும் தன் வாயால் சொன்னது கொஞ்சம், பெற்ற பெண்ணை வைத்துச் சொன்னதுதான் அதிகம். கொஞ்சம் அரைகுறையாகச் சொல்லித் தொலைத்திருந்தால் அன்றைக்கு அவள் அந்தப் பாடு பட்டிருக்க வேண்டாம்.

கள்ளிக்குப்பத்தில் ஓட்டு வீடு. புருஷன் கலியமூர்த்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஒரே பெண் குழந்தை, வடிவு. மாமியார் பேரை வைத்தது. ஐந்து வயசில் அதற்கு மூளைக்காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் போட்டு, உயிர் மிஞ்சினதே மாரியாத்தா புண்ணியம் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த வாரமே, குழந்தைக்குப் பின்னால் ஈயக் குண்டான் ஒன்று பரண்மேலிருந்து விழுந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. வடிவு திரும்பவில்லை. பார்வதம் குண்டானை எடுத்து மறுபடி ஒருமுறை தானே கீழே போட்டுப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு இருந்தது. ஐந்து வயசு வரைக்கும் கேட்டுப் பழகின பேச்சு. ஆனால் நாளாக நாளாக அது மழுங்கிக்கொண்டே வந்தது. எதிரில் நின்று வாயைத் திறந்து நிதானமாகப் பேசினால் வடிவு உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்ளும். மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ளும். கெட்டிக்காரக் குழந்தை, அதுதான் கேடாகப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு போனபோது ஹெட்மாஸ்டர் லோகநாதன் பார்வதத்தைக் கூப்பிட்டனுப்பினார். பாவம், கெட்டவர் இல்லை, அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். எழுபது பிள்ளைகளை ஒரே ஓட்டுக் கட்டடத்தில் அடைத்து வைத்து மேய்க்கிறவர். உன் பெண்ணுக்குக் காது கேட்கிற மாதிரி தெரியவில்லை, பட்டணத்தில் இவர்களுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம், டி.சி. தருகிறேன், கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். பார்வதத்தின் கணக்கு வேறு. ராத்திரி வயிறு வலிக்கிறது என்று சொன்னால் பெற்றவளுக்கே புரியாத பேச்சு. அதை முன்பின் தெரியாத ஊரில், ஆயிரம் பிள்ளைகள் நடுவில் விட்டுவிட்டு வருவதா? "கேக்குது சார், பயந்த கொயந்த, அதான் திரும்பாது" என்று அவள் வாயில் வந்துவிட்டது. அவரும் சரி, அடுத்த மாசம் நானே சோதித்துப் பார்க்கிறேன் என்றார்.

அந்த ஒரு மாசம் அந்த வீட்டில் நடந்த பாடத்தை எந்த டிரெயினிங் ஸ்கூலிலும் சொல்லித்தர மாட்டார்கள். ஆஜர் எடுக்கும்போது பஞ்சவர்ணம் என்ற பெண் உட்கார்ந்ததும் நீ எழுந்து "உள்ளேன் டீச்சர்" சொல்லணும். எல்லாரும் சிலேட்டை எடுத்தால் நீயும் எடு. சிரித்தால் நீயும் சிரி. பின்னாலிருந்து யாராவது பேசுகிற மாதிரி இருந்தால், எதிரே பளபளவென்று என்ன இருக்கிறது பார், ஜன்னல் கண்ணாடியோ, தண்ணீர்ப் பானை மூடியோ, அதில் ஆள் தெரியும். அம்மா எதிரே நின்றால் முந்தானையைப் பார். முந்தானை அசைந்தால் திரும்பு. அம்மா முகத்தைப் பார். தலை மேலும் கீழும் அசைந்தால் சரி, பக்கவாட்டில் ஆடினால் தப்பு.

லோகநாதன் சார் பின்னால் நின்று கை தட்டினார். எதிரே நின்ற பார்வதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வடிவு திரும்பிற்று. பேர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிற்று. மனுஷருக்கு ஒரே சந்தோஷம். காதெல்லாம் கணக்காகத்தான் இருக்கிறது, கவனம்தான் போதாது, வீட்டில் வெண்டைக்காய் வாங்கிக் கொடு என்று சொல்லி அனுப்பினார்.

ஜெயித்தாயிற்று என்று அன்றைக்குப் பாயசம் வைத்தாள், பைத்தியக்காரி. அப்புறம் ஒரு வருஷம் வடிவு தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தது. வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு தூங்கிப் போகும். பார்த்துப் பார்த்தே அந்தக் கண் அலுத்துப் போகும் போல. மூன்றாம் வகுப்புக்கும் வந்துவிட்டது. ஆனால் அணிலுக்கு அ என்று எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருக்கிற மாதிரி நடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த நடிப்பிலேயே குழந்தையின் மூளையெல்லாம் செலவாகிறது என்று பார்வதத்துக்கும் தெரிந்தது. சொல்லி அழ யாரிருக்கிறார்கள்? கலியமூர்த்தியிடம் சொன்னால் அவன் பட்டணத்து ஹாஸ்டலுக்கே அனுப்பிவிடலாம் என்பான். காது மிஷின் வாங்க அவன் சம்பளத்துக்கு ஆகாது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி கழிந்து, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஒரு சேதி வந்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் கூலியைப் போட்டு, பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர்களையும் கூட்டுச் சேர்த்து, சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண், காது, கை கால் பார்த்து, வேண்டியதை இலவசமாகக் கொடுக்கப் போகிறார்களாம். சட்டைப்பையில் வைத்து, ஒயர் இழுத்துக் காதில் மாட்டுகிற மிஷினும் உண்டாம். முகாம் நடக்கப்போவதும் இதே பள்ளிக்கூடத்தில்தான். பார்வதம் அன்றிரவு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள். மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள்: போன மாசம் வந்த சளிக் காய்ச்சலுக்கப்புறம் கேட்பது குறைந்துபோயிற்று என்று டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். மிஷின் மாட்டிவிட்டால் கேட்கப் போகிறது. கேட்டுவிட்டால் பழைய கதையை யார் கிளறப் போகிறார்கள்? ஆளை ஏமாற்றலாம், டாக்டர் மிஷினை ஏமாற்ற முடியுமா, அது உள்ளதைக் காட்டிவிடும் என்று நம்பினாள். அதனால் வடிவிடம் தனியாக ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

முகாம் அன்றைக்குப் பள்ளிக்கூடம் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. அயனம்பாக்கத்திலிருந்தும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் கூடப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். காது பார்ப்பது ஹெட்மாஸ்டர் அறையில். அங்கேதான் கொஞ்சமாவது சத்தம் குறைவாம். டாக்டர் பேர் ஜமீலா. காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். சங்கத்துச் செயலாளர் கஜபதி, காக்கி பேண்ட்டும் தோளில் துண்டுமாக, மிஷின் பெட்டிகளுக்குக் காவல் நின்றான். தாய்மார்கள் சாடை காட்டுவார்கள் என்று எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். பார்வதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வடிவுக்கு இரண்டு காதையும் மூடுகிற மாதிரி ஒன்றை மாட்டினாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்று செய்து காட்டினாள். வடிவு தலையாட்டிற்று. டாக்டர் அதற்குப் பின்னால் போய் மேசையில் உட்கார்ந்து பெட்டியில் பித்தானை அழுத்தினாள். வடிவு விரலைத் தூக்கிற்று.

பார்வதம் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். கேட்கிறதா? தெய்வமே, கேட்கிறதா? மறுபடி அழுத்தினாள், மறுபடி விரல். அழுத்தாதபோது விரல் கீழே. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள் போல, விரல் தவறவே இல்லை. அப்போதுதான் பார்வதம் மகளுடைய கண்ணைப் பார்த்தாள். அது எதிர்ச்சுவரில் இருந்த கண்ணாடி பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடம் ஓட்டப்பந்தயத்தில் வாங்கின கப்பெல்லாம் வைத்திருக்கிற பீரோ. அந்தக் கண்ணாடியில், டாக்டர் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பெட்டியில் எரிகிற குட்டிச் சிவப்பு விளக்கு தெரிந்தது. விளக்கு எரிந்தால் விரல். பார்வதம் சொல்லிக்கொடுத்த பாடம், ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அவள் ஜன்னலில் கையை ஆட்டினாள். வேணாம் வேணாம் என்றாள். வடிவு பீரோவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். காது நல்லா இருக்கும்மா, பயப்படாம கூட்டிட்டுப் போங்க என்று டாக்டர் சிரித்தாள். ஊரில் எந்தத் தாயாவது இந்தச் சொல்லைக் கேட்டு இடிந்து போவாளா? இவள் போனாள். இல்லை, கேட்காது, நிஜமாகக் கேட்காது, காய்ச்சலுக்கப்புறம் போய்விட்டது என்று திக்கித் திணறினாள். டாக்டர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. கஜபதி துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

"இன்னாமா இது, கேக்குதுன்னு டாக்டரே சொல்றாங்க, கேக்காதுன்னு அடம் பண்ணிகினு கீறே? போன வருசம் கால் விளங்காத புள்ளைக்குன்னு மூணு சக்கர வண்டி குடுத்தோம். ரெண்டாம் மாசமே அது பாடி மார்க்கெட்டுல காய்கறி ஏத்திகினு போவுது. ஒயச்சவன் கூலிமா இது."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு லோகநாதன் சாரே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? இந்தக் குழந்தையா, இதை நானே போன வருஷம் பின்னால் நின்று சோதித்துப் பார்த்தேன், காது கணீரென்று இருக்கிறது, அதற்கு நான் ஜவாப்தாரி என்றார். அதோடு முடிந்தது. டாக்டர் அடுத்த பேரைக் கூப்பிடச் சொல்லிவிட்டாள்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்றால் என்னவென்று பார்வதத்துக்கு அந்த அறையில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடம் போகும். சொல்லாவிட்டால் மிஷின் போகும். மிஷின் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து என்ன கிழிக்கப் போகிறது குழந்தை? இப்படியே நடித்து நடித்து வயசுக்கு வந்துவிடும். பார்வதம் லோகநாதன் சாரைப் பார்த்தாள். பார்த்ததும் பயமாகத்தான் இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"சார், அன்னிக்கும் அதுக்குக் கேக்கல சார். நீங்க கை தட்டறப்போ நான் எதிர்ல நின்னு முந்தானிய இஸ்துக் காட்டுனேன். இப்பவும் கேக்கல டாக்டரம்மா. உங்க பொட்டியில செவப்பு லைட்டு எரியறது அந்த பீரோ கண்ணாடியில தெரியுது. அதப் பாத்துதான் வெரலத் தூக்குச்சு. நான்தான் அப்டிப் பழக்கி வுட்டேன்."

லோகநாதன் சார் முகம் சிவந்துபோயிற்று. இருபது வருஷ சர்வீஸ், ஒரு பொம்பளை தன்னை முட்டாளாக்கிவிட்டாளே என்ற ரோஷம். செவிடன் காதில் ஊதின சங்கா என் பேச்சு, அன்றைக்கே டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தால் குழந்தை இந்நேரம் அங்கே நாலெழுத்து படித்திருக்காதா என்று கத்தினார். திங்கட்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொள் என்றார். கஜபதி உடனே, ஸ்கூலில் பேர் இல்லாத பிள்ளைக்கு எங்கள் மிஷின் கிடையாது, படிக்கிற ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கையெழுத்து இருந்தால்தான் கொடுக்கணும் என்று சங்கத்தில் தீர்மானம் என்றான். அதுவும் போயிற்று, இதுவும் போயிற்று. பார்வதம் வடிவைப் பார்த்தாள். அது காலை ஆட்டிக்கொண்டு, யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் மட்டும் எழுந்து போய், வடிவு உட்கார்ந்த இடத்தில் குனிந்து நின்று பீரோவைப் பார்த்தாள். கஜபதியைப் பித்தானை அழுத்தச் சொன்னாள். ச்சே என்றாள் தனக்குத்தானே. விளக்கின்மேல் பிளாஸ்திரியை ஒட்டினாள், வடிவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வடிவுக்கு முகம் வெளிறிப் போயிற்று. கொஞ்ச நேரம் விழித்தது. அப்புறம் தானாகவே கணக்கு வைத்துக்கொண்டு விரலைத் தூக்குவதும் இறக்குவதுமாக ஆரம்பித்தது. குருட்டாம்போக்கில் பாதி சரியாக விழுந்தது. பாருங்க, பாதி கேக்குது என்றான் கஜபதி. வெளியே நூறு பிள்ளை கத்துகிற கத்தலில் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். பிறகு பார்வதத்திடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்:

"நீங்க பின்னாடி நின்னு பேசுங்கம்மா. நான் முன்னாடி உக்காந்து அவ முகத்தைப் பாத்துக்கறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் போதாது. காதுல விழுந்தா அவ திரும்பாம இருக்கவே முடியாது, அப்படி ஏதாவது சொல்லுங்க."

டாக்டர் குழந்தையின் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, அதற்கு எதிரே தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். கேட்டால் விரலைத் தூக்கு என்று மறுபடி செய்து காட்டினாள். பார்வதம் பின்னால் போய் நின்றாள். ரெட்டைப் பின்னல், காலையில் அவளே போட்டுவிட்டது. மல்லிப்பூ வாடியிருந்தது. வடிவு என்றாள். வடிவு, இங்க பாருடி என்றாள். சத்தமாகக் கத்தினாள். பின்னல் அசையவில்லை. என்ன சொன்னால் ஒரு குழந்தை திரும்பாமல் இருக்க முடியாது? மிட்டாயா? அப்பா வந்துவிட்டார் என்பதா? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலும் முடியவில்லை.

"வடிவு, அம்மா போறேன்டி. உன்ன இங்கயே வுட்டுட்டுப் போறேன். உன்ன எனக்கு வாணாம். இனிமே அம்மா வரவே மாட்டேன்."

கஜபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். லோகநாதன் சார் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. வடிவு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிரே டாக்டர் கண் கலங்கிற்று. முகம் மாறினதை வடிவு பார்த்துவிட்டது. ஓகோ, இப்போதுதான் சத்தம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டது போல. சட்டென்று விரலைத் தூக்கிற்று. தூக்கின விரலோடு, பல் விழுந்த வாய் தெரியச் சிரித்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பிற்று.

சரியா என்று கேட்கிற பார்வை. ஒரு வருஷமாக அந்தப் பார்வைக்குப் பார்வதம் தலையசைத்து வந்திருக்கிறாள். இன்றைக்கு முடியவில்லை. இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

வடிவின் சிரிப்பு நின்றது. விரல் இறங்கிற்று. அழவில்லை, சிணுங்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி நேரே அம்மாவிடம் வந்தது. வலது கையை விரித்து உள்ளங்கை மேலே பார்க்க நீட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றது.

எதற்குக் கையை நீட்டுகிறது என்று டாக்டர் கேட்டாள். பார்வதம் என்ன சொல்லுவாள்? தப்பாகச் செய்தால் ஒரு அடி, கரண்டிக் காம்பால், தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும். அப்படித்தான் அந்தப் பாடம் ஏறிற்று. டாக்டர் அந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. ரெண்டு காதும் ரொம்பப் போயிருக்கு, ஆனா கொஞ்சம் மிச்சம் இருக்கும்னு நினைக்கிறேன், மிஷின் போட்டுத்தான் பாக்கணும் என்று பொதுவாக எல்லாருக்கும் சொன்னாள். லோகநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, இந்த வருஷம் இருக்கட்டும், கையெழுத்துப் போடறேன், முதல் பெஞ்சில் உக்காரட்டும், அடுத்த வருஷத்துக்கு என்னால வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கோபம் இன்னும் போகாத குரல்தான். கஜபதி மிஷின் பெட்டி ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தான்.

பார்வதத்துக்கு இதெல்லாம் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது. குழந்தை இன்னும் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அவள் மண்டிபோட்டு, வேணாம்டி கண்ணு, அடி கிடையாது, கைய மடக்கு என்றாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு எந்த உதட்டைப் பார்த்துப் புரியும்? கன்னத்தைத் தடவினாள். கட்டிப்பிடித்தாள். அணைத்த அணைப்புக்குள்ளும் அந்தக் கை விறைப்பாக நீட்டிக்கொண்டேதான் இருந்தது, அடி விழுந்தால்தான் முடியும் என்று. வேறு வழி தெரியாமல் பார்வதம் அந்த உள்ளங்கையில் தன் விரலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம்தான் வடிவு கையை மடக்கிப் பாவாடையில் துடைத்துக்கொண்டது.